குரங்குகளுக்குப் பத்தியம்

அந்தத் தெருவில் மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாய்க்கோ பூனைக்கோ காய்ச்சல் வந்தால் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"டாக்டர் இருக்காங்களா?"

அவர்கள் தேடி வந்தது மாஸ்டரின் ஒரே மகளை. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. அப்பாவைவிட அரைச் சாண் உயரமாக வளர்ந்து, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பாப்பா. மாஸ்டர் என்பது அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரர். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் உள்ளே வந்தால் மேசையில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவதை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். பாப்பா பிறந்தபோதே அந்தக் கோட்டை அவளுக்கு மனசுக்குள் தைத்து வைத்துவிட்டார்.

மனுஷ டாக்டருக்கு மதிப்பெண் எட்டவில்லை. கால்நடை மருத்துவமும் மயிரிழையில் தவறிப்போனது. கிடைத்தது 'பயன்பாட்டு உயிரியலும் விலங்கு அறிவியலும்' என்று ஒரு படிப்பு. அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அப்பா அதைச் சுருக்கி, "மிருக டாக்டருக்குப் படிக்குது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"அப்பா, நான் டாக்டர் இல்ல. ஊசி போட எனக்கு உரிமையே கிடையாது."

"இப்ப இல்ல. படிச்சு முடிச்சதும் போடுவ."

"முடிச்சாலும் போட மாட்டேன்பா!"

"சரி, மாத்திரையா குடு."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த வாய் பெற்ற அப்பாவுடையதாக இருந்தால் என்ன செய்வது? பாப்பா சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டாள். அடுத்த தெரு அத்தை தன் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கு மூச்சு வாங்குது, பாரேன்" என்றால், "அத்தை, நாலு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருக்காரு" என்பாள். "சொந்தத்துல ஒருத்தி இருக்கும்போது காசு குடுத்து வெளியில காட்டணுமா?" என்று அத்தை கோபித்துக்கொண்டு போவாள். பூனைக்கு நோய் ஒன்றும் இல்லை. தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தால் எந்தப் பூனைக்கும் மூச்சு வாங்கும்.

படிப்பு முடிகிற சமயத்தில் கல்லூரி மண்டபத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. பாப்பா அரை மனசோடுதான் போனாள். போன இடத்தில் வாய் பிளந்து நின்றாள். தீவனக் கம்பெனி மேசையில் தொப்பி இலவசம் என்பதால் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கோழிக்குஞ்சு பொரிப்பகத்துக்காரர்கள் குஞ்சுகளையே கொண்டுவந்திருந்தார்கள். பால் பண்ணை, மீன் வளர்ப்பு, தடுப்பூசி தயாரிக்கிற ஆய்வுக்கூடம் என்று ஒரு பக்கம் போக, மிச்சச் சோற்றைப் புழுவுக்குக் கொடுத்து, அந்தப் புழுவை மீனுக்குத் தீனியாக்குகிற கம்பெனி ஒன்று கண்ணாடித் தொட்டியோடு வந்து பாதிப் பேரை அலறவைத்துக்கொண்டிருந்தது. பாப்பாவின் தோழி, வட்ட முகத்துக்காக முட்டை என்று பெயர் வாங்கியவள், பொரிப்பகத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். "முட்டைக்கு முட்டை வேலைதான்டி எழுதியிருக்கு" என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

பாப்பாவுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. மண்டபத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு மேசை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பலகையில் 'மிருகக்காட்சி சாலை, உணவியல் பிரிவு' என்றிருந்தது.

"வேலை கேட்டு வந்தியா, பாத்ரூம் எங்கன்னு கேட்டு வந்தியா?"

"பாத்ரூம்தான் மேடம்."

"நேரா போய் இடது பக்கம். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

திரும்பி வரும்போது பாப்பாவுக்கு அப்படியே கடந்துபோகச் சங்கடமாக இருந்தது. மரியாதைக்கு நின்றாள். அந்த அம்மாளும் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"குரங்கு என்ன சாப்பிடும், சொல்லு."

"காட்டுல இருக்கிறதா மேடம், நம்மகிட்ட இருக்கிறதா?"

கடலை உரித்த கை நின்றது. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"காட்டுல கிடைக்கிறதைச் சாப்பிடும். நம்மகிட்ட குடுக்கிறதைச் சாப்பிடும். காட்டுப் பழத்துல நார் அதிகம், இனிப்பு கம்மி. நாம கடையில வாங்குற பழம் மனுஷன் நாக்குக்காக வளர்த்தது. அதையே தினமும் குடுத்தா குரங்குக்கு மிட்டாய் குடுக்கிற மாதிரி."

"உட்காரு" என்றாள் அந்த அம்மாள். கடலைப் பொட்டலத்தையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாப்பா மெதுவாகச் சொன்னாள். "மிருகக்காட்சி சாலைல பயிற்சி வேலை கிடைச்சிருக்குப்பா. சாப்பாட்டு..."

"பாத்தியா! புலிக்கே ஊசி போடப்போகுது எம்பொண்ணு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா அத்தைக்குப் போன் போட்டுவிட்டார்.

*

மிருகக்காட்சி சாலையின் சமையற்கட்டு பின்வாசலை ஒட்டி இருந்தது. நீளமான சிமெண்டு மேடை, தொங்கு தராசு, வரிசையாக வாளிகள். ஒவ்வொரு வாளியிலும் ஒரு படம். ஆமைக்குக் காயைத் துருவ வேண்டும், கிளிக்குப் பொடியாக நறுக்க வேண்டும், கரடிக்கு முழுசாகவே போட்டுவிடலாம். பாப்பா முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் பச்சை ஏப்ரனும் மாட்டிக்கொண்டு காலையில் கத்தி எடுத்தாளென்றால் வெயில் ஏறும்வரை கீழே வைக்க மாட்டாள். மத்தியானத்துக்கு மேல் கணக்கு வேலை. எந்த மிருகம் எவ்வளவு தின்றது, எவ்வளவு மிச்சம், சாணம் எப்படி இருந்தது என்று பார்த்து, மறுநாள் வாளியில் எது கூட, எது குறைய என்று முடிவு செய்ய வேண்டும்.

அவள் சேர்ந்த வாரமே, வேலை கொடுத்த உணவியல் மேடம் அவளைக் குரங்கு மேட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். சுற்றிலும் அகழி, நடுவில் பாறையும் மரமுமாக ஒரு திட்டு. அங்கே ஒரு குரங்குக் கூட்டம். கூட்டத்துக்குத் தலைவன், வயிறு தரையைக் கூட்டுகிற மாதிரி பருத்த ஒரு கிழட்டு ஆண். அதற்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் முதலாளி.

"ரெண்டு பொட்டைக்குச் சர்க்கரை வந்துடுச்சு. பாதிக்குப் பல்லு சொத்தை. டாக்டர் மருந்து குடுத்துக்கிட்டே இருக்கார். நாம சாப்பாட்டை மாத்தலைன்னா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். இது உன் பொறுப்பு" என்றாள் மேடம்.

பாப்பாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. படித்ததையெல்லாம் தோண்டியெடுத்தாள். வாழைப்பழத்தையும் திராட்சையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அந்த இடத்தில் கீரை, பீன்ஸ், கிழங்கு, இலையோடு கிளைகள் என்று ஏற்றிக்கொண்டே போனாள். பழம் அடியோடு நின்ற அன்று குரங்குகள் வேலைநிறுத்தம் செய்தன.

வேலைநிறுத்தம் என்றால் சும்மா இல்லை. முதலாளி கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. மற்றவை கேரட்டை அகழியில் வீசின. ஒன்று பாப்பாவைக் குறிபார்த்து எறிந்த பீட்ரூட் நெற்றியில் பட்டுப் பொட்டுப் போட்டது. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"பாவங்க, அதுங்களைப் பட்டினி போடுறீங்களே" என்றார் குரங்குக் காப்பாளர். பெரிய மீசையும் இடிகுரலுமாக இருப்பார். குரங்குகளிடம் மட்டும் குழந்தை மாதிரி கொஞ்சிப் பேசுவார். பாப்பாவை அவர் கூப்பிட்டதே இல்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"பட்டினி இல்லண்ணே. பத்தியம்."

"பத்தியமோ வைத்தியமோ, முதலாளி இளைச்சுட்டான்."

ஆனால் முதலாளி இளைக்கவில்லை. அதுதான் விசித்திரம். குரங்குகள் சாயங்காலம் உறங்கும் அறைக்குள் நுழைகிற வாசலில் ஒரு தராசு பதித்திருந்தது. ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும்போது எடை தெரிந்துவிடும். பசி வந்ததும் மற்றவை வீம்பை விட்டுக் கீரையைத் தின்றன, எடையும் இறங்கியது. முதலாளி மட்டும் கிண்ணத்தைத் தொடுவதில்லை, எடையும் குறைவதில்லை. காற்றைக் குடித்தா வயிறு வளர்க்கிறது?

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கம்பி வேலியோரம் நனைந்துகொண்டிருந்த காப்பாளரைப் பார்த்துப் பாப்பா ஓடிப்போய் ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்தாள். பைக்குள் கை வழுக்கியது. வெளியே எடுத்தால், வாழைப்பழத் தோல். ஒன்றல்ல, கொத்தாக.

காப்பாளர் மழையில் நின்றபடியே அவள் கையைப் பார்த்தார். மீசை தொங்கிவிட்டது.

பாப்பாவுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் கணக்கு, எத்தனை நாள் உழைப்பு! "என்னண்ணே இது? அதுக்குச் சர்க்கரை வந்தா யார் பார்ப்பா? நீங்க பாசமா குடுக்குறது விஷம்ண்ணே!"

காப்பாளர் கூரைக்குள் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடிகுரல் எங்கே போயிற்றோ, கிசுகிசுப்பாகத்தான் பேச்சு வந்தது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நான் வந்தா எங்க இருந்தாலும் அசைஞ்சு அசைஞ்சு கிட்ட வரும். தோள்ல கைய வைக்கும். நீங்க சாப்பாட்டை மாத்தினதும் நான் போனா முதுகைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்துச்சு. வீட்டுல யாராவது பேசாம இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு எனக்கு. நாலு நாள் தாங்கினேன். அப்புறம் முடியல."

அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். அவள் வாளியில் நாரையும் புரதத்தையும் எடைபோட்டாள், சரிதான். ஆனால் அந்த வாழைப்பழத்தில் இனிப்பைத் தவிர இன்னொன்றும் இருந்திருக்கிறது. அதை எந்தத் தராசில் நிறுப்பது? அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் என்ன வைத்தாள்? ஒன்றுமே வைக்கவில்லை.

மறுநாள் காப்பாளர் அறையில் போய் உட்கார்ந்தாள். மேடத்திடம் அவள் எதையும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, முதலாளிக்குத் தோலோட வேர்க்கடலை தினமும் அஞ்சாறு குடுக்கலாம். ஆனா அதை நீங்க மட்டும்தான் குடுக்கணும். வேற யார் கையிலேருந்தும் அதுக்குக் கிடைக்காது. அதுவும் தராசு மேல வந்து உட்கார்ந்தாத்தான்."

"அஞ்சாறு கடலைக்கா முதலாளி வருவான்?"

"கடலைக்கு வராது. உங்களுக்கு வரும்."

அடுத்ததும் அவளுடைய யோசனைதான். காட்டில் குரங்குக்குச் சாப்பாடு கிண்ணத்தில் வருவதில்லை. நாள் முழுக்கத் தேடித் தோண்டி எடுக்கிறது. இங்கே கிண்ணத்தில் கொட்டிவிட்டால் அதற்குத் தின்பதையும் முறைப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. பட்ட மரத்துண்டுகளில் துளை போட்டு, பீன்ஸும் கிழங்கும் கீரைத் தண்டும் உள்ளே திணித்து மேடெங்கும் தொங்கவிட்டால்? காப்பாளர் துளைக்கருவி கொண்டுவந்தார். தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் மாதிரி ஓடியாடி வேலை பார்த்தார். அன்றிலிருந்து அவர் வாயில் பாப்பா 'தங்கச்சி' ஆனாள்.

முதல் நாள் குரங்குகள் மரத்துண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு குட்டி விரலை விட்டுப் பீன்ஸை இழுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கிண்ணத்தில் கிடந்தபோது தூக்கியெறிந்த அதே பீன்ஸுக்கு இப்போது அடிதடி. முதலாளி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து வந்து, ஒரு பெண் குரங்கு பாடுபட்டு எடுத்த கிழங்கைப் பிடுங்கித் தின்றது.

"முதலாளின்னா சும்மாவா?" என்றார் காப்பாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

*

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், சலவைச் சட்டையில். கூடவே அத்தை. அத்தை கையில் கூடை. கூடைக்குள் பூனை. வாசலில் இருந்தவரிடம், "டாக்டர் எங்க இருக்காங்க? அவங்க அப்பா நான்" என்று கேட்க, அவர் குழம்பிப்போய்ப் பின்வாசலைக் காட்டியிருக்கிறார்.

பாப்பா அப்போது மேடை முன் நின்று முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். பூட்ஸில் சேறு, ஏப்ரனில் பீட்ரூட் கறை, முடியில் ஒரு கீரைத் தண்டு.

அப்பா வாசலில் நின்றார். மேடையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"இங்கயா வேலை?"

"ஆமாப்பா."

"காய் நறுக்குற வேலையா?"

அத்தை உதவிக்கு வந்தாள். "ஊசி போடுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் இப்படிச் செய்யச் சொல்வாங்களா இருக்கும்ண்ணே."

அப்பா கேட்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். கத்தித் தழும்பும் எண்ணெய்ச் சூடும் பட்ட கைகள். "இந்தக் கத்தி என்னோட போகட்டும்னு நெனச்சேன் பாப்பா" என்றார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"அப்பா, உங்க கேன்டீன்ல நோயாளிங்களுக்குச் சமைக்கிறீங்களே. இவருக்கு உப்பு இல்லாம, அவருக்குச் சர்க்கரை இல்லாமன்னு யாரு சொல்லுவா?"

"டயட்டீஷியன் மேடம்."

"அவங்க வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"எழுந்து நிப்பேன். அவங்க ஒரு கரண்டி தப்பாச் சொன்னா நோயாளி கதி என்னாகுறது?"

"அந்த மேடம்தான்ப்பா நான். இங்க இருக்கிறவங்களுக்கு வாலு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். எதை எவ்வளவு குடுக்கணும்னு நான்தான் சொல்றேன், நறுக்கவும் செய்யறேன். வாங்க, என் நோயாளிங்களைக் காட்டுறேன்."

குரங்கு மேட்டில் அது சாப்பாட்டு நேரம். மரத்துண்டுகளில் குரங்குகள் தொங்கிக்கொண்டு தோண்டின. காப்பாளர் குரல் கொடுத்ததும் முதலாளி பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்தது. நடக்கவே முடியாமல் இருந்தது இப்போது ஓடியது. தராசில் ஏறி உட்கார்ந்து, காப்பாளரிடம் கையை நீட்டியது.

"தங்கச்சி சேர்ந்தப்போ இருந்ததுல கால்வாசி எடை போயிடுச்சு அய்யா" என்றார் காப்பாளர். "எல்லாம் தங்கச்சி கணக்கு. நான்கூட முதல்ல சண்டை போட்டேன். தங்கச்சி விடல. குரங்குப்பிடின்னா குரங்குப்பிடி!"

அப்பா வேலியைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாக, தனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டார். "கிழங்கை வேகவச்சா குடுக்குற?"

"அரைவேக்காடுப்பா. முழுசா வெந்தா இனிப்பு சீக்கிரம் ரத்தத்துல ஏறிடும்."

"ம்ம்." தலையாட்டினார். "எங்க மேடமும் அதைத்தான் சொல்வாங்க."

அப்போது பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து நின்றது. குடும்பத் தலைவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றைக் குறிபார்த்தார். பாப்பா வாயெடுப்பதற்குள் அப்பா பாய்ந்துவிட்டார்.

"சார் சார், போடாதீங்க! பத்தியத்துல இருக்காங்க!"

"யாரு?"

"குரங்குதான் சார். சர்க்கரை ஏறிடும். உணவியல் மேடம் கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க." பிறகு பாப்பாவைக் காட்டி, கொஞ்சம் குரலை உயர்த்தி, "மேடம் இவங்கதான். எம்பொண்ணு" என்றார்.

பாப்பா தலையிலிருந்த கீரைத் தண்டை அவசரமாக எடுத்தாள்.

அதே வேளையில் அந்தப் பக்கம் வந்த உணவியல் அம்மாள் அத்தையின் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "அடடா, இதுக்கு என்ன குடுக்குறீங்க?"

"நாங்க சாப்பிடுறதெல்லாம் சாப்பிடும். பாலு, நெய்யி..."

"உடனே நிறுத்துங்க. பாப்பா, இந்தம்மாவுக்கு ஒரு பட்டியல் போட்டுக் குடு. பூனைக்குத்தான்."

"மூச்சு வாங்குதுன்னு காட்ட வந்தா, சாப்பாட்டுல கை வைக்கிறாங்களே!" என்று அத்தை பூனையைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அத்தையையும் பூனையையும் சமாதானப்படுத்தி அனுப்ப நேரம் பிடித்தது.

*

குரங்கு மேட்டில் நடந்ததைப் படங்களோடு ஒரு கூட்டத்தில் பேசச் சொல்லி உணவியல் அம்மாள் பாப்பாவை அனுப்பினாள். பல மிருகக்காட்சி சாலைக்காரர்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் வந்திருந்த கூட்டம். பாப்பா எடைக் கணக்கைச் சொன்னாள். வேர்க்கடலையையும் காப்பாளரையும் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் ஒரு பேராசிரியர் தேடி வந்தார். காட்டுக் குரங்கு என்ன தின்கிறது, அது அதன் உடம்பில் என்ன செய்கிறது என்று ஆராய்கிறவர். மேல்படிப்புக்கு இடம் இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு, நேர்காணலுக்கு வர முடியுமா என்றார். பாப்பா போனாள். இடம் கிடைத்தது.

வீட்டில் அத்தை கவலைப்பட்டாள். "இன்னும் படிப்பா? படிச்சு முடிச்சு என்ன ஆகப்போற?"

பாப்பா பதில் சொல்ல அப்பா விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ன ஆகப்போறாளா? கேளு. தீவனக் கம்பெனிக்குப் போகலாம். ஆராய்ச்சி பண்ணலாம். காலேஜ்ல பாடம் எடுக்கலாம். காட்டுல மிருகங்களைக் காப்பாத்துற வேலை இருக்கு. தடுப்பூசி கண்டுபிடிக்கலாம். புழு வளர்க்கலாம்."

"புழுவா?"

"நல்ல சம்பளமாம்! என்னைக் கேட்டா நம்ம கேன்டீன் மிச்சத்துல ஒரு லாரி புழு வளர்க்கலாம். நர்ஸம்மா பையன் உயிரியல் எடுக்கலாமான்னு கேட்டான். அரை மணி நேரம் உட்காரவச்சுச் சொன்னேன்."

அந்தப் பையன் அதற்குப் பிறகு கேன்டீன் பக்கமே வருவதில்லை என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

பல்கலைக்கழகத்தில் முதல் நாள். நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள் பாப்பா. பேராசிரியர் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஆளுயர உறைபெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே அடுக்கடுக்காகச் சின்னச் சின்னக் குப்பிகள். எல்லாம் காட்டுக் குரங்குகளின் எச்சம். ஒவ்வொன்றையும் கரைத்து, வடிகட்டி, அந்தக் குரங்கு என்ன தின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாப்பா குனிந்து ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழுப்புக்கு நடுவே முழுசாக ஒரு விதை தெரிந்தது. எந்த மரத்தினுடையதாக இருக்கும்? உடையைப் பற்றிய நினைப்பே போய்விட்டது.

மத்தியானம் அப்பா போன் செய்தார். பின்னணியில் பாத்திரங்கள் உருண்டன.

"என்ன பாப்பா, முதல் நாள் என்ன வேலை குடுத்தாங்க?"

"குரங்குச் சாணியைக் கரைக்கிறேன்பா."

அப்பா அந்தப் பக்கம் யாரையோ பாத்திரத்தை மெதுவாக வைக்கச் சொன்னார். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"நல்லாக் கரை. கட்டி தட்டாம பார்த்துக்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவு."